அம்புபாச்சியில் வெட்டாத குளம்

உப்பேறிய கடலோர நிலங்களில் வேலை செய்ய உங்களைப் புதிதாக எடுத்திருப்பதாக என் கல்லூரித் தோழி சொன்னாள். உங்களுக்கு அவள்தான் மேலாளர். "நீ கல்கத்தாப் பக்கம் இதே வேலையைச் செஞ்சவ. எங்க பொண்ணுங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தயக்கம் வந்தது.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எது சரி, எது தவறு என்று அவர்களுக்கு ஆற அமரத் தெளிந்திருக்கும். நான் வேலையை விட்டு இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. மகள் இப்போதுதான் கோர்வையாகப் பேசுகிறாள். இரண்டாவது வயிற்றில் இருக்கிறது. கணவருக்குச் சக்கரதர்பூருக்கு மாற்றல் வந்தது, வேலையை விட்டேன், அவ்வளவுதான். என்னிடம் தெளிவு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நாளைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்த நாளில் நான் எடுத்த முடிவு சரியா என்று எனக்கே இன்னும் தெரியாது. தெரியாததைச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வேலை செய்த ஊர்கள் சியால்தாவிலிருந்து தெற்கே கேனிங் போகிற ரயில் தடத்தில் இருந்தன. ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளில் பலகை கட்டிய வேனில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆற்று நீரெல்லாம் உப்பு. மழைக்காலத்தில் ஒரு நெல் விளையும். தை பிறந்தால் நிலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அப்புறம் ஆடு மேய்வதுதான். நிலத்தின் ஒரு மூலையில் குளம் வெட்டி, வெட்டிய மண்ணால் மீதி நிலத்தை மேடாக்கினால் மழைநீர் குளத்தில் தங்கும், மேட்டு நிலத்தில் உப்பு அவ்வளவாக ஏறாது, கோடையில் மிளகாயோ பூசணியோ எடுக்கலாம். உங்களுக்கு இதெல்லாம் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, அடிமண்ணைப் பரப்பிய பிறகு அதைத் திரும்ப மேலே போட வேண்டும் என்பதையும் சொல்லியிருப்பார்கள். மாற்றிப் போட்டால் நிலம் பாழாகிவிடும். இதை வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது. மண்வெட்டி இறங்கும்போது கைக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் செய்முறைப் பயிற்சி நாள்.

அந்த நாளுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் ஆள்பலம் இல்லாத ஒரு வீட்டு நிலத்தைத் தேர்ந்தெடுப்போம். கற்றுக்கொள்ள வருகிற விவசாயிகள் அந்த நிலத்தில் வெட்டுவார்கள். அவர்களுக்குப் படிப்பு, அந்த வீட்டுக்குக் குளம், எல்லாருக்கும் மதியம் அரிசியும் பருப்பும் குழைந்த கிச்சுரி. நான் சொல்லப்போகிற வருஷம் தேர்ந்தெடுத்தது மாலதியின் நிலத்தை.

மாலதிக்கு என் வயதுதான் இருக்கும். கணவனைப் பாம்பு கடித்துவிட்டது. மினு என்று ஒரு பெண், பால்பல் விழுந்து முளைக்கிற வயசு. ஊரிலேயே தாழ்ந்த நிலம் அவளுடையது. மழை கூடினால் நெல்லும் அழுகிவிடும். கணவன் இறந்ததும் கொழுந்தன் ஹரிபத, "பொம்பளை எப்படிப் பயிர் பண்ணுவா, நிலத்தை நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தான். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு தவணை கொடுத்திருந்தார்கள். வருகிற அறுவடைக்குள் அவள் தானே பயிர் செய்து காட்டினால் நிலம் அவள் கையில் இருக்கும். இல்லாவிட்டால் ஹரிபத உழுவான். அவன் பார்த்துக் கொடுப்பதை அவள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் என்ன கொடுப்பான் என்பது ஊருக்கே தெரியும். ஆக, மழை பிடிப்பதற்கு முன் அந்தக் குளம் வெட்டியாக வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க அவளால் ஆகாது. எங்கள் பயிற்சி நாள்தான் அவளுக்கு வழி.

மாசி மாதமே வெட்டியிருக்க வேண்டியது. மேலிருந்து அனுமதி வரத் தாமதமாகி, ஆனி பிறந்துவிட்டது. என்னை நாள் குறிக்கச் சொன்னார்கள். நாங்கள் அப்போது சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சமையலறைச் சுவரில் மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய பஞ்சாங்கம் தொங்கும். நான் இதையெல்லாம் முழுதாக நம்புகிறவள் இல்லை. ஆனால் பார்க்காமலும் இருக்க மாட்டேன். அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் தள்ளி, ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொன்னேன். கல்கத்தா அலுவலகத்தில் எல்லாரும் வங்காளிகள்தான். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. சுவரில் இருந்த காலண்டரில் அன்றைக்கு விடுமுறை இல்லை. அது போதுமானதாக இருந்தது.

அன்று காலை குழந்தையைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பௌதியிடம் விட்டேன். அண்ணி என்ற பொருளில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். குழந்தைக்கு லேசாகச் சளி. நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவள், "போ, போ. நீ போனாதான் அது அழுறதை நிறுத்தும்" என்றாள். ஹவுரா வரை ஒரு ரயில், பாலத்தைத் தாண்டி சியால்தாவுக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு ரயில். வழியெல்லாம் தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது விவசாயிகள் வந்திருந்தார்கள். மாலதியின் நிலத்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், ஒருவர் கையிலும் மண்வெட்டி இல்லை.

"மண்வெட்டி எங்கே காகா?" என்று கார்த்திக் காகாவைக் கேட்டேன். அந்த ஊரில் எதற்கும் முதலில் வந்து நிற்கிறவர் அவர். எனக்கு அவர் காகா, சித்தப்பா முறை; அவர்களுக்கு நான் தீதி, அக்கா.

"வீட்டுல தூங்குது தீதி. மூணு நாளைக்கு அதுக்கும் லீவு."

"என்ன லீவு?"

"அம்புபாச்சி." என்னைப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "உங்களுக்குத் தெரியாதா? உங்க ஆபீஸ்ல யாருக்குமா தெரியாது?"

மழை தொடங்கும் அந்தச் சமயத்தில் பூமி தீட்டாகிறாள் என்பது அங்கே நம்பிக்கை. மூன்று நாள் ஏர் பூட்ட மாட்டார்கள். மண்ணில் இரும்பு படாது. விதவைகள் அடுப்பு மூட்டாமல் மாம்பழமும் அவலும் சாப்பிடுவார்கள். கண்டிப்பாக இருக்கிறவர்கள் வெறும் மண்ணில் காலே வைக்க மாட்டார்கள். நகரத்து வீடுகளில் இது விதவை அத்தைகளின் விரதமாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் அலுவலகத்தில் யாருக்கும் அது மண்வெட்டியோடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றவில்லை. எனக்கோ பெயரே தெரியாது.

"அப்புறம் எதுக்கு எல்லாரும் வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்களே. வராம இருந்தா மரியாதையா? கிச்சுரியும் இருக்கும்னாங்க. இன்னிக்குக் கிச்சுரியை வெட்டலாம். மேல அரிசி, அடியில பருப்பு, நீங்க சொல்லிக் கொடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து வரலாமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"மூணு நாள் கழிச்சு இங்க ஒருத்தனும் சும்மா இருக்க மாட்டான் தீதி," என்றார் காகா. "விதை விடணும். நாத்தங்கால் இருக்கு. மழை வேற வந்துடும். அவனவன் நிலத்தைப் பாக்கவே கை போதாது."

ஹரிபத கூட்டத்தின் ஓரத்தில் குந்தியிருந்தான். நல்லவிதமாகப் பேசுகிறவன். "தீதி மாட்ராஜி. அவங்களுக்கு அம்புபாச்சி கிடையாது. அவங்க வெட்டலாமே. யாரு தடுக்கறாங்க?" என்றான். மாட்ராஜி என்றால் மதராஸ்காரி.

"ஆளு மாட்ராஜி சரி. மண்ணு மாட்ராஜியா?" என்றான் இன்னொருவன்.

மறுபடி சிரிப்பு. ஹரிபத மட்டும் சிரிக்கவில்லை. "யாரு வெட்டினாங்கன்னு பின்னாடி ஒருத்தனும் கேக்க மாட்டான். யாரு நிலத்துல வெட்டினாங்கன்னுதான் கேப்பான். அது ஒண்ணுதான் என் கவலை. எங்க அண்ணி நிலமாச்சே."

அவன் சொன்னதை நான் அப்போதே சரியாகப் புரிந்துகொண்டேன். அந்த வருஷம் ஊரில் எந்த மாடு செத்தாலும், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாலதி நிலத்தில் அம்புபாச்சியில் வெட்டியதுதான் காரணம் என்று சொல்ல அவன் தயாராக இருந்தான்.

மதியத்துக்குச் சற்று முன் எங்கள் மேலாளர் ஜீப்பில் வந்தார். கூடவே இரண்டு பேர். அடுத்த வருஷம் எங்கள் பயிற்சி நாள்கள் நடக்குமா, நிற்குமா என்பது அவர்கள் கையில் இருந்தது. குளம் வெட்டுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு வரப்பில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத்தான் காட்ட முடிந்தது. அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டு மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். "அட கடவுளே, எங்க பிஷிமா நேத்துலேருந்து மாம்பழம்தான் சாப்பிடறாங்க. எனக்கு உறைக்கவே இல்ல" என்றார். பிஷிமா என்றால் அத்தை. என்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"ஆத்தோரம் செங்கல் சூளை இருக்கு. மழைக்கு மூடிட்டாங்க. ராஞ்சிப் பக்கத்து ஆளுங்க ஊருக்குப் போகக் காத்திருக்காங்க. அவங்களுக்கு இந்த அம்புபாச்சி எல்லாம் கிடையாது. கூப்பிட்டா வந்து சாயங்காலத்துக்குள்ள முக்கால்வாசி வெட்டிடுவாங்க. இவங்க வரப்புல உட்கார்ந்து பாத்துக் கத்துக்கட்டும்."

"ஊர்ல என்ன சொல்வாங்க?"

"அது எனக்குத் தெரியாது மிஸஸ் நடராஜன். இந்த ஊர் உங்களுக்குத்தான் தெரியும். நான் உத்தரவு போடலை. இவங்க இளநீர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் யோசிங்க. நீங்க சொல்றதைச் செய்வோம்."

உத்தரவு போட்டிருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கினேன். செய்யச் சொன்னதைச் செய்து பழகியவள் நான். பள்ளியிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். ஒரு பக்கம் குளம். அந்தக் குளம் இல்லாவிட்டால் மாலதிக்கு நிலம் இல்லை. இன்னொரு பக்கம் ஹரிபத. இதற்கு நடுவில் பால் கட்டி மார்பு கனத்துவிட்டது. ரவிக்கை நனைந்தது தெரியாமலிருக்கப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். சளியோடு விட்டுவந்த குழந்தை என்ன செய்கிறதோ என்ற கவலை வேறு. இந்த நிலையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் நியாயமாகப் பட்டது. நிலம் மாலதியுடையது. அவளைக் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் அவள் மரக்கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் கீழே இறங்க மாட்டாள். கட்டிலோரம் ஹரிபதவின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, மாம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மினு வாசலில் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க தீதி. பால் கட்டியிருக்கு போல," என்றாள் மாலதி, என்னைப் பார்த்ததும். "ஓரமாப் போய்ப் பிழிஞ்சு விடுங்க. ஜுரம் வந்துடும்."

"அது இருக்கட்டும் மாலதி. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

சூளை ஆட்கள் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், ஊர் என்ன சொல்லக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "உன் நிலம். நீ வெட்டுன்னா வெட்டறோம். வேண்டாம்னா வேண்டாம். நீதான் சொல்லணும்."

ஓரகத்தியின் கையில் கத்தி அப்படியே நின்றது.

மாலதி என்னைப் பார்த்தாள். பிறகு மாம்பழத்தைப் பார்த்தாள். வெளியே வரப்பு வரை கேட்கிற குரலில், "இந்த நாள்லயா? என் புருஷன் நிலத்துலயா? என்னை என்னன்னு நினைச்சீங்க தீதி?" என்றாள்.

"இல்ல, நான் கேட்டேன், அவ்வளவுதான்."

"வேண்டாம்."

நான் வெளியே வந்தேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. கேட்க வேண்டியவளைக் கேட்டாயிற்று, அவளும் சொல்லிவிட்டாள். நிலத்துக்காரி சம்மதிக்கவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். தலையசைத்தார். வந்தவர்களை அழைத்துப் போய் ஆற்றங்கரை மேட்டைக் காட்டினார். விவசாயிகளுக்கு நான் வாயால் பாடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கிச்சுரி சாப்பிட்டார்கள். திரும்புகிற ரயிலில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். வீட்டில் குழந்தைக்குச் சளி குறைந்திருந்தது.

விரதம் முடிந்த பிறகு மறுபடி போனேன். காகா சொன்னது போலவே ஒரு கையும் கிடைக்கவில்லை. சூளை ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாலதியும் மினுவும் ஒரு மூலையில் தாங்களாகவே வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். மினு கூடையில் மண்ணை எடுத்துப் போய், மேல்மண்ணுக்கென்று அம்மா காட்டிய இடத்தில் சரியாகக் கொட்டியது. நானும் சேர்ந்து வெட்டினேன். எனக்குப் பழக்கமில்லை, கை கொப்புளித்ததுதான் மிச்சம். மறுநாள் மழை பிடித்தது. நிற்கவே இல்லை. வெட்டியிருந்த குழியின் கரை சரிந்து, எது மேல்மண், எது அடிமண் என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகச் சேறாகிவிட்டது. நெல் அந்த வருஷமும் அழுகியது.

துர்கா பூஜை முடிந்து நான் போனபோது ஊர்க்காரர்கள் மறுபடி கூடிப் பேசியிருந்தார்கள். ஹரிபதவின் மாடுகள் அவள் நிலத்தில் நின்றன. மாலதி வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சமையல் பக்குவத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நீங்க என்னைக் கேட்டிருக்கக் கூடாது தீதி."

"உன் நிலம், உன்னைக் கேக்காம..."

"ஓரகத்தி பக்கத்துல உட்கார்ந்திருந்தா. கத்தியைப் பிடிச்சுக்கிட்டு என் வாயைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் வேற என்ன சொல்ல முடியும்? வெட்டுன்னு சொன்னா, சொன்னது நான். நீங்க பாட்டுக்கு ஆளைக் கூட்டி வந்து வெட்டியிருந்தா, நான் கட்டில்லேருந்தே மார்ல அடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன். உங்களை ஊரே கேக்கத் திட்டியிருப்பேன். மாட்ராஜிக்காரி என் நிலத்தைக் கெடுத்துட்டாள்னு. யாரும் என்னை ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "மூணு நாள் கழிச்சு எழுந்து வந்து பாத்தா குளம் இருந்திருக்கும்."

"நீ அப்போ கண்ணால ஒரு ஜாடை காட்டியிருக்கலாமே."

"காட்டினேன். நீங்க வாயைத்தான் பாத்தீங்க."

அன்று வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கணவர் கேட்டார். சொன்னேன். "நீ கேட்டே, அவ வேண்டாம்னா. இதுல உன் தப்பு என்ன இருக்கு? சாப்பிடு," என்றார். மேலாளரும் பிறகு ஒரு நாள் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் என்மேல் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அடங்கவில்லை. ஒருவேளை மாலதி சொன்னபடி நடந்திருக்காது. நான் வெட்டியிருந்தால் ஹரிபத சும்மா இருந்திருப்பானா? ஊர் அவளை ஒதுக்கி, குளம் இருந்தும் ஒருவனும் ஏர் தராமல் போயிருந்தால்? அப்போது அவள் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள், நான் வேறு விதமாக வருந்தியிருப்பேன். இதற்கு முடிவே இல்லை. அடுப்படியில் நிற்கும்போது இப்போதும் இந்தக் கணக்குதான் மனதுக்குள் ஓடுகிறது.

உங்களுக்கு என்ன சொல்வது? மக்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் அதை மறுக்க வரவில்லை. கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு 'சரி' என்று சொல்ல அவளுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் நாம் கேட்பது அவளுக்காக இல்லை. நம் தலையில் இருக்கும் சுமையை இறக்கி அவள் மடியில் வைப்பதற்காக. அதற்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. ஊர்க்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்று திட்டு வாங்குவதும் இந்த வேலையில் ஒரு பகுதியாக இருக்கலாம். வெளியூர்க்காரிக்கு அது இன்னும் சுலபம். திட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடலாம், உள்ளூர்க்காரி எங்கே போவாள்? இதை நான் நிச்சயமாகச் சொல்கிறேனா என்று கேட்டால், இல்லை. உங்கள் ஊரில், உங்கள் மாலதியிடம் இது பொய்யாகவும் போகலாம்.

மறு வருஷம் கோடையில் மாலதி கல்கத்தா அலுவலகத்துக்கு வந்தாள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மினு, எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிய தலையோடு. ஹரிபத கொடுக்கிற நெல் எத்தனை நாளைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சால்ட் லேக்ல புதுசு புதுசா வீடு கட்டிக் குடிவராங்களாம். வீட்டு வேலைக்கு ஆள் கேக்கறாங்க. நான் போறேன். மினுவை என்கூட வச்சுக்க முடியாது." மினுவை என் பக்கமாக லேசாகத் தள்ளினாள். "உங்க வீட்டுல வச்சுக்கங்க தீதி. உங்க பொண்ணைத் தூக்கி வச்சுப்பா. கை சுத்தம். அழ மாட்டா."

மினு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்னப் பெண்ணை என் குழந்தையைத் தூக்க வைப்பதா என்று ஒரு பக்கம் கூசியது. என் வீட்டில் இருந்தால் ரயில்வே பள்ளியிலாவது சேர்க்கலாமே என்று இன்னொரு பக்கம். பள்ளியில் சேர்ப்பார்களா, குவார்ட்டர்ஸில் என்ன சொல்வார்கள், ஊருக்குத் தெரிந்தால் ஆபீஸ்காரி நிலத்தையும் போகவிட்டுப் பெண்ணையும் வேலைக்காரியாக்கிக்கொண்டாள் என்று பேசுவார்களா. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

"வீட்டுல அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே மாலதி," என்றேன்.

மாலதி சிரித்தாள். கேலியாக இல்லை. "கேளுங்க தீதி. நீங்க கேட்டுட்டுத்தான் செய்வீங்க. நான் அடுத்த வாரம் வரேன்."

கணவர் உடனே சரி என்றார். "பள்ளிக்கூடத்துல போடலாம். சாயங்காலம் குழந்தையோட விளையாடட்டும். நீ ஏன் அப்பவே சொல்லலை?" என்றார். நான் ஹவுரா கடையில் ஒரு பாயும், அவள் உயரத்துக்குத் தோராயமாக ஒரு கவுனும் வாங்கி வைத்தேன். சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு மூலையைக் காலி செய்தேன்.

அடுத்த வாரம் மாலதி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு அந்த ஊருக்குப் போய்வந்த எங்கள் அலுவலகத்துப் பையன் சொன்னான். அன்று இங்கிருந்து போனவள் சியால்தா ஸ்டேஷனில், வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற பெண்ணைப் பார்த்திருக்கிறாள். தாயையும் மகளையும் அவள் அன்றைக்கே சால்ட் லேக்கில் வேறு வேறு வீடுகளில் சேர்த்துவிட்டாள். எந்த வீடு என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அங்கே போய்த் தெருத்தெருவாக நடந்தேன். எல்லா வீடும் ஒன்று போலவே இருந்தது. பெயர்ப்பலகை இல்லாத கேட்டுகள், பாதி கட்டிய சுவர்கள். எந்தக் கதவைத் தட்டி என்ன கேட்பது?

கவுனைப் பௌதியின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். பாயைச் சக்கரதர்பூருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மத்தியானம் என் மகள் அதில்தான் தூங்குகிறாள். இன்னும் அவளுக்கு அது பெரியது.